கேம் ஆடும் பினாங்குத் தம்பி தங்கைகளுக்கு



முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். கேட்க வந்ததைப் பிறகு கேட்கிறேன்.

நீங்கள் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எதிரி எந்தப் புதரில் ஒளிந்திருக்கிறான் என்பதை மலாயில் சொல்கிறீர்கள். எந்தப் பொருளை வாங்குவது, எப்போது பின்வாங்குவது என்பதெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தவுடன் தமிழ் வருகிறது. அதுவும் எப்படிப்பட்ட தமிழ்! கூட ஆடும் ஈப்போக்காரனின் அம்மா முதல் பாட்டி வரை யாரையும் விட்டுவைக்காத தமிழ். திட்டம் போட இரண்டு மொழி, ஏசுவதற்கு மட்டும் தாய்மொழி என்று உங்களுக்குள் ஓர் ஏற்பாடு எப்படியோ அமைந்துவிட்டது.

ஒழுக்கம் போதிக்க நான் வரவில்லை. நானும் ஆடுகிறவள்தான். பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, தூக்கம் பிடிக்காத காலைகளில் ஸ்டார்டியூ வேலியில் பூசணி நடுகிறவள். உங்கள் பட்டியலில் அதெல்லாம் கேமே இல்லை என்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும். என் ஆதங்கம் வேறு. இவ்வளவு நேரமும் காசும் மூளையும் செலவழித்து ஆடுகிற நீங்கள், ஆடுவதைப் பற்றி உங்களுக்குத் தோன்றுவதைத் தமிழில் எங்கேயும் பதிவு செய்வதில்லை. யாராவது கேட்டால் ‘வேற லெவல்லா’ என்கிறீர்கள். பிடிக்காவிட்டால் ‘மொக்கை’. இந்த இரண்டுக்கும் நடுவே உங்களிடம் ஒன்றுமே இல்லை என்றால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். நிறைய இருக்கிறது. அதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் கடை, வெள்ளிக்கிழமை இரவு. அடுத்த மேசையில் நான்கு பையன்கள். ஒருவன் தே ஓ ஐஸ் குவளையை மேசை நடுவில் நகர்த்தி, இதுதான் ஆமை என்றான். சர்க்கரை டப்பா அவர்களுடைய கோபுரம். குழம்பு படிந்த தட்டு எதிரியின் காடு. ‘நீ கடோட்காச்சாவை எடுத்துக்கிட்டுக் குதிச்சே, சரி. ஆனா யாருக்காகக் குதிச்சே? நம்ம ஆளு இன்னும் இந்தப் பக்கம் காசு சேர்த்துக்கிட்டு இருக்கான். நீ அஞ்சு பேரையும் கட்டிப் போட்டு வச்சே, அடிக்கத்தான் ஆளில்ல’ என்று உப்புக் குப்பியை இழுத்து வந்து காட்டினான். மற்ற மூவரும் மறுத்தார்கள். அவன் குப்பியைப் பழைய இடத்தில் வைத்து, ஆட்டத்தை முதலிலிருந்து நடத்திக் காட்டினான். யார் எங்கே நின்றார்கள், எந்த நொடியில் முடிவு தவறியது, பொறுமை ஏன் வீரத்தைவிட மேலானது என்று அவன் சொன்னதில் ஒரு நல்ல கட்டுரையின் எல்லாப் பகுதிகளும் இருந்தன. பிறகு கடைக்காரர் வந்து குவளைகளை எடுத்துக்கொண்டு போனார். ஆய்வும் அதோடு போயிற்று.

அந்தத் தம்பி இதைப் படிக்கிறானோ இல்லையோ, அவனைப் போல நூறு பேர் இந்தத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கமும் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் பேசுகிறேன்.

கடோட்காச்சா என்று வாய்க்கு வாய் சொல்கிறீர்களே, அவன் யாரென்று யோசித்தீர்களா? நம் கடோத்கசன்தான். பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன். 1957இல் வந்த மாயா பஜாரில் எஸ்.வி. ரங்காராவ் ஏற்ற வேடம். அவன் உங்கள் கைப்பேசிக்கு வந்தது தமிழ்நாடு வழியாக இல்லை. ஜாவாவின் வயாங் நிழற்கூத்து வழியாக வந்தான். இந்தோனேசியர்களுக்கு அவன் எவ்வளவு பெரிய நாயகன் என்றால், 1995இல் அவர்கள் சொந்தமாகக் கட்டிப் பறக்கவிட்ட என்-250 விமானத்துக்கு அவன் பெயரை வைத்தார்கள். ஆட்டத்தில் அவனுடைய பெரிய சக்தி என்ன? வானத்தில் எழும்பி எதிரிக் கூட்டத்தின் மேல் வந்து விழுவது. பாரதத்தில் அவன் சாவும் அப்படித்தானே? கர்ணனின் சக்தி ஆயுதம் பட்டு உயிர் போகிற நேரத்திலும் உடம்பை மலையளவு பெருக்கி, கௌரவப் படையின் மேல் விழுந்து நசுக்கிவிட்டுத்தான் செத்தான். அந்தச் சாவைத்தான் ஷாங்காயில் இருக்கும் வடிவமைப்பாளர் ஒரு பொத்தானாக்கினாரா, வெறும் தற்செயலா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தும்போது இந்தக் கதை நினைவுக்கு வரக்கூடிய ஆட்டக்காரன், பாட்டியிடம் பாரதம் கேட்டு வளர்ந்தவன். அதாவது நீங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இதை வேறு யார் சொல்வார்கள்?

இன்னொன்று. 2025 பிப்ரவரியில் சிவிலைசேஷன் 7 வந்தது. அதில் சோழர் ஒரு தனி நாகரிகம். கலம் என்ற பெயரிலேயே அவர்களுக்குக் கப்பல் உண்டு. அவர்களுக்கென்று உள்ள கட்டடங்களின் பெயர்கள் மணிகிராமம், அஞ்சுவண்ணம். தஞ்சைப் பெரிய கோயிலையும் கட்டலாம். ராஜேந்திரனின் கடற்படை 1025இல் கடாரத்தைத் தாக்கிச் சரியாக ஆயிரம் ஆண்டு ஆனபோது இந்த கேம் கடைக்கு வந்திருக்கிறது. கடாரம், அதாவது கெடா, நமக்குத் தூரமா? பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போனால் குனோங் ஜெராய், அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. மணிகிராம வணிகரின் பெயர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, இதே கரையோரமாக இன்னும் வடக்கே, தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்திருக்கிறது. இந்த கேமைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இடைமுகம் குழப்புகிறது, யுகம் மாறும்போது ஆட்டம் அறுந்துபோகிறது என்றெல்லாம் எழுதினார்கள். நியாயமான குறைகள்தான். ஆனால் தாக்கப்பட்ட கரையில் பிறந்த தமிழன், தாக்கியவனின் கலத்தில் ஏறி அந்த ஆட்டத்தை ஆடும்போது என்ன தோன்றும் என்பதை அவர்கள் எழுத முடியாது. பெருமை வரும். கூடவே ஒரு நெருடலும் வரலாம், வரட்டும். ஆட்டம் சோழரை வணிகராகவே காட்டுகிறது; கெடாவிலிருந்து வந்து உங்களோடு படித்த மலாய் நண்பனிடம் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு விளையாடக்கூடிய ஆட்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அவர்கள் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு ‘கிராஃபிக்ஸ் ஓகேலா’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டில் 2022இல் திராவிடர் வந்தார்கள். ராஜேந்திரன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரே உண்டு. ஊராளை அழுத்தினால் தமிழில் பதில் வருகிறது. அதைக் கேட்டு உங்களில் ஒருவர் கத்தியது புலனக் குழுவில் குரல்பதிவாக வந்து என்வரை சேர்ந்தது. நன்றாகத்தான் கத்தினார். அதற்குப் பிறகு? அந்தத் தமிழ் இயல்பாக இருக்கிறதா, குதிரைப்படை சோப்ளாங்கியாக இருக்கும் நாகரிகத்தை எப்படி ஜெயிக்க வைப்பது, ஒன்றும் இல்லை.

வெண்பாவையும் சொல்லாமல் விட முடியாது. டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட சமையல் கேம் அது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த குறிப்பேடு, தமிழை விட்டு விலகும் மகன். முதல் சமையலே இட்லி. தட்டுகளைச் சரியாக மாற்றி அடுக்காவிட்டால் ஆவி மேலே ஏறாது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். 2024இல் பாஃப்டாவின் அறிமுகப் படைப்புக்கான விருதை வாங்கியது. உலகம் முழுக்க எழுதினார்கள், பெரும்பாலும் இட்லி என்றால் என்ன என்று விளக்கி. நமக்கு அந்த விளக்கம் வேண்டாம். நாம் கேட்க வேண்டியது வேறு: பிள்ளை மலாயிலும் ஆங்கிலத்திலும் பேச, வீட்டில் மட்டும் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கும் மலேசிய வீட்டுக்கு இந்தக் கதை எவ்வளவு பொருந்துகிறது? அந்த மகன் நம் வீட்டில் இருந்திருந்தால் தமிழ்ப்பள்ளிக்குப் போயிருப்பானே, அப்போது கதை எங்கே திரும்பியிருக்கும்? இதை ஆடிய தங்கை ஒருத்தி அழுதேன் என்றாள். ஏன் அழுதாய் என்றால் ‘தெரியலக்கா’. தெரியும், தங்கச்சி. உட்கார்ந்து எழுதினால் தெரிந்துவிடும்.

உங்கள் கருத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்பீர்கள். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கணினியில் ஆடுகிறவர்கள் எல்லாரும் பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கியே ஆக வேண்டும் என்று சோனி சொன்னது. பிலிப்பீன்ஸ் உட்பட அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகள் ஏராளம். சில நாட்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்த்து எழுதினார்கள். சோனி பின்வாங்கியது. ஆட்டக்காரன் எழுதினால் நடக்கும். 2025 ஜூலையில் உபின் இபின் யூனிவர்ஸ் வெளிவந்தபோது விலை ஏன் இவ்வளவு, பிழை ஏன் இவ்வளவு என்று நாடே பேசியது. மலாயில் அலசினார்கள், ஆங்கிலத்தில் அலசினார்கள். உபின் இபின் கார்ட்டூன் தொடரில் ராஜூ நம் வீட்டுப் பையன், அங்கிள் முத்து நம் கடைக்காரர். தமிழில் ஒரு பக்கம் என் கண்ணில் படவில்லை.

வீட்டுக்குள் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் புது கேம் ஒன்றின் விலை 300 வெள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறது, சிலது தாண்டுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால், அது ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு. அந்த ஐந்து நாளைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு தாய் யாரைக் கேட்பாள்? விளம்பரத்தை நம்புவாள், அல்லது பையன் அழுகையை நம்புவாள். இலவச கேம் என்றால் இன்னும் மோசம். கென்ஷின் இம்பாக்ட் இறக்குவதற்குக் காசு இல்லை. ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒரு இழுப்பில் விழும் வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90 இழுப்புக்குள் ஒன்று நிச்சயம். ஒரு இழுப்புக்கு 160 கல், ஆக 14,400 கல். அப்படியும் முதலில் விழுவது கேட்ட பாத்திரமாக இருக்கும் என்று உறுதி இல்லை. உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு தூக்கத்தில்கூட வரும். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா வாரம் தவறாமல் எடுக்கிற நாலு நம்பர் லாட்டரிக்கும் இதற்கும் உறவு உண்டு என்று தமிழில் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரியும். (அப்பாவுக்குக் கோபம் வந்தால் என்னைக் கைகாட்டுங்கள்.)

பெரியவர்கள் மேலும் குறை உண்டு, மறைக்கவில்லை. நம் தமிழ்ப் பத்திரிகைகளில் சினிமாவுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. கேம் அதில் வருவதென்றால் யாராவது பையன் அப்பாவின் வங்கி அட்டையைத் தேய்த்திருக்க வேண்டும், இல்லை தூங்காமல் ஆடி மயங்கி விழுந்திருக்க வேண்டும். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் கேம் பழக்கக் கோளாறை நோய்ப்பட்டியலில் ஏற்றியது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதே 2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் பதக்கப் போட்டியானது எத்தனை பேருக்குத் தெரியும்? 2024இல் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் ரியாத்தில் பிலிப்பீன்ஸ் அணியை 4–3 என்று வென்று மொபைல் லெஜண்ட்ஸின் எம்எஸ்சி கோப்பையைத் தூக்கியது நம் நாட்டு வெற்றி. உங்கள் அறைக்குள் கேட்ட கத்தல் அடுத்த அறைக்கு வெறும் சத்தமாகத்தான் போய்ச் சேர்ந்தது. புரியாதவர்கள் பயப்படுவார்கள், புரியவைக்கிற ஆள் வீட்டிலேயே இருந்தும் வாயைத் திறக்கவில்லை என்றால், பாதிக் குற்றம் அந்த ஆளுடையதுதான்.

தமிழில் எழுதி வாதாடுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1880களிலேயே குலாம் காதிறு நாவலர் வித்தியா விசாரிணி பத்திரிகை நடத்திய ஊர் பினாங்கு. துறைமுகத்தில் இறங்கியவர்கள் பத்திரிகை வைத்துத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்ட ஊர். அச்சகமே இல்லாமல் கைப்பேசியிலேயே எழுதிவிடக்கூடிய நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் புரியவில்லை.

‘எனக்குத் தமிழ் அவ்வளவா வராதுக்கா.’ வரும். அந்த மாமாக் கடைப் பேச்சுதான் நான் கேட்கும் தமிழ். லேக், டேமேஜ், கூல்டவுன், நெர்ஃப் எல்லாம் அப்படியே வரட்டும். தூய தமிழ்ச் சொல் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த சீசனே வந்துவிடும்.

‘முடிச்சிட்டு எழுதுறேன்.’ இதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் ஆடுவதில் பாதி முடிவே இல்லாத ஆட்டங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் வருகிறது; நேற்று பலசாலி, இன்று சப்பை. அதில் முடித்துவிட்டு எழுதுவது என்பதே கிடையாது. முடிவு உள்ள கேமில்கூட, ஆடி முடித்தவன் எழுதுவதில் பாதி மறதி. கடைசிக் காட்சி நன்றாக இருந்தால் நடுவில் அலுத்துப்போன நேரமெல்லாம் நன்றாக இருந்ததாகவே தோன்றிவிடும். பாதியில் நிற்கிறவனுக்குத்தான் உண்மை கையில் இருக்கிறது: எங்கே மாட்டிக்கொண்டேன், ஏன் எரிச்சல் வந்தது, எரிச்சல் வந்தும் மறுநாள் ஏன் மறுபடி திறந்தேன். இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதிப் பாருங்கள். சில நேரம் ஆட்டம் நன்றாக இருப்பதால் திறந்திருப்பீர்கள். சில நேரம் தினசரிப் பரிசு தவறிவிடும் என்ற பயத்தால் திறந்திருப்பீர்கள். இரண்டும் வேறு என்று எழுதும்போதுதான் கண்ணில் படும். அதற்குப் பிறகு ஒரு கேமை நீக்கினாலும் நீக்குவீர்கள். அதுவும் எழுத வேண்டிய செய்திதான்.

‘யாரு படிப்பா?’ உங்கள் தம்பி படிப்பான். உங்கள் அம்மா நிச்சயம் படிப்பார். இன்னொன்றும் சொல்கிறேன். பால்டர்ஸ் கேட் 3 செய்த லாரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரில் கிளை உண்டு. பிளேஸ்டேஷனுக்கும் அங்கே ஸ்டூடியோ உண்டு. ஃபைனல் ஃபேண்டஸி 15இல் வேலை பார்த்த வான் ஹஸ்மர் நாடு திரும்பி மெட்ரோனோமிக் தொடங்கி, 2020இல் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் வெளியிட்டார். கேம் செய்கிறவர்கள் பேருந்து ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு காட்சி ஏன் வேலை செய்கிறது, ஏன் சொதப்புகிறது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு அந்தக் கதவைத் தட்டும் துணிச்சல் கொஞ்சம் கூடுதலாக வரும். எல்லாரும் அங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆட்டத்தில் மட்டும் கெட்டிக்காரராக இருந்துவிட்டு வாழ்நாள் முழுக்க வாங்குகிறவராகவே இருந்துவிடாதீர்கள் என்கிறேன்.

ஆகவே கேட்பது இது. இந்த மாதம், இப்போது நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும் கேம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். கை ஓடாவிட்டால் மூன்று நிமிடக் குரல்பதிவு போதும். எழுதித் தருவதற்கு ஆள் பிடிக்கலாம். எவ்வளவு நேரம் ஆடினீர்கள், எவ்வளவு வெள்ளி போயிற்று என்பதை ஒளிக்காதீர்கள். பிடித்த ஒரு நிமிடத்தை எடுத்து, ஆடாதவருக்கும் புரிகிற மாதிரி அந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பிடிக்காததையும் அதே பொறுமையோடு சொல்லுங்கள். ஏச வேண்டுமென்றால் கேமை ஏசுங்கள், காரணத்தோடு. கூட ஆடியவனின் குடும்பத்தை விட்டுவிடுங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, மாமாக் கடை மேசையிலோ ஒருவர் வீட்டு வாசலிலோ கூடுவோம். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் மறுக்கட்டும். அம்மா அப்பா யாராவது ஒருவரைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவர்கள் கேட்கிற கேள்விதான் உங்களைத் திணறடிக்கும். பெண் பிள்ளைகள் ஒதுங்கி நிற்க வேண்டாம். பிரமாதமாக ஆடுகிற மூன்று பேரை எனக்கே தெரியும், வேறு பெயர் வைத்துக்கொண்டு ஆண் என்று நடித்து ஆடுகிறார்கள். அது ஏன் என்பதையும் எழுதட்டும்.

தே தாரிக் செலவு என்னுடையது. ரொட்டி சானாய் அவரவர் கணக்கு. முதல் ஞாயிற்றுக்கு யாராவது அந்த உபின் இபின் கேமைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தால் நல்லது. இப்போது பிழைகளைத் திருத்திவிட்டார்களா, வாங்கலாமா என்று என் அக்கா மகன் தினமும் நச்சரிக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு ஆடும் ஓர் அக்கா
ஜார்ஜ் டவுன், பினாங்கு